நாலு யூனிட் ஜாலி

விமானத்திலிருந்து இறங்கியவள் நேராக அடையாறு வீட்டுக்குப் போய்க் குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுப் படுத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. "சாந்தோம் வழியா போங்கண்ணே, அஞ்சே நிமிஷம்" என்று டாக்ஸிக்காரரிடம் சொன்னேன். பெட்டி டிக்கியிலேயே இருக்கட்டும், என் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பு.

சுவரைப் பார்க்க முடியவில்லை. எங்கள் சர்ச் பங்கின் சமூகக்கூட வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஜல்லி மலை நின்றது. ஆள் உயரத்துக்கும் மேல். உச்சியில் குப்பத்து ஆடு ஒன்று ஏறி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் குடை பிடித்தபடி சவரி அங்கிள் நின்றார். பங்குப் பேரவையின், அதாவது கோயில் கமிட்டியின், பொருளாளர். கோயிலுக்கு ஒரு ஆணி வாங்கினாலும் அவர் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

"வந்துட்டியா ஸ்டெல்லா? நீ சொன்ன மாதிரியே நேத்து இறக்கியாச்சும்மா. நாலு யூனிட். முக்கால் இன்ச் சரக்கு, தூசு கிடையாது. நானே கிட்ட நின்னு பார்த்து வாங்கினேன்."

காலை ஒன்பது மணிக்கே எனக்குத் தலை சுற்றியது. நான் கேட்டது ஜாலி. வந்து இறங்கியிருந்தது ஜல்லி.

கட்டட வேலைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்றால் ஒரு நிமிஷம். ஜாலி என்பது ஓட்டை ஓட்டையாக வார்த்த சிமெண்ட் கல். பழைய வீடுகளின் மாடிப்படிச் சுவரில் காற்றுக்காக வைத்திருப்பார்களே, அது. ஜல்லி என்பது கான்கிரீட்டில் கலக்கும் கருங்கல் சில்லு. ஒரு துணைக்கால் ஒரு 'ல்' ஆனதில் இரண்டு டிப்பர் லாரி வந்துவிட்டது.

"அங்கிள், நான் ஜாலின்னு சொன்னேன்."

"நானும் ஜல்லின்னுதானேம்மா கேட்டேன்?"

இத்தனைக்கும் மனிதர் முப்பது வருஷம் டெலிபோன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஊரார் பேச்செல்லாம் ஒயரில் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவர். நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் நிதானமாகப் போனை எடுத்து, நான் அபுதாபியிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். காற்று இரைச்சலுக்கு நடுவில் என் குரல்: "அங்கிள், நம்ம ராயப்பேட்டை ஆள்கிட்ட நாலு யூனிட் ஜாலி சொல்லிடுங்க, அர்ஜெண்ட்."

கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. சுவரை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் யூனிட் என்று நானே பெயர் வைத்திருந்தேன். சென்னையில் ஜல்லி விற்பதும் யூனிட் கணக்கில்தான். எனக்கு ராயப்பேட்டை ஆள் என்றால் சிமெண்ட் ஜாலி வார்க்கும் காதர் பாய். அங்கிளுக்கு ராயப்பேட்டை ஆள் என்றால் கோயிலுக்கு வழக்கமாக மணலும் ஜல்லியும் அனுப்புகிறவர். அங்கிள் மேல் ஒரு தப்பும் கிடையாது. அவசரக்குடுக்கை நான்தான்.

போன வாரம் இதே பத்தியில் நான் ஃபால்ஸ் சீலிங் போட்டுப் பிழைத்த கதையைப் படித்த, அபுதாபியில் இருக்கும் தங்கை லில்லி, "எங்க ஊரைப் பத்தி ஒரு வரிகூட எழுதலயேக்கா" என்று கோபித்துக்கொண்டாள். அவள் ஊருக்குப் போகுமுன் இந்தச் சுவர் எப்படி என் தலையில் வந்து விழுந்தது என்று சொல்லியாக வேண்டும்.

வேர்க்கும் கூடம்

எங்கள் சமூகக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் கடலுக்குக் கேட்கும். ஆனால் கடலிலிருந்து ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது. கட்டிய புண்ணியவான் உப்புக்காற்றுக்குப் பயந்து கடல் பக்கம் மட்டும் ஒரு ஜன்னல்கூட வைக்காமல் முழுச் சுவராக எழுப்பிவிட்டார். மின்விசிறிகள் சுற்றும். சூடான காற்றைத்தான் சுற்றும்.

அங்கே நடந்த விசேஷங்களில் ஜனங்கள் பாட்டுத் தாளைப் பாடுவதற்கு வாங்கியதைவிட விசிறுவதற்கு வாங்கியதுதான் அதிகம். ஒரு கல்யாணத்தில் மூன்றடுக்குக் கேக், வெட்டுவதற்கு முன்பே இரண்டடுக்காகிவிட்டது.

பேரவைக் கூட்டத்தில் சவரி அங்கிள் தீர்வு கொண்டுவந்தார். கடல் பக்கச் சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் முகப்பைப் போட்டோ எடுத்து வந்திருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள், மேரி அக்காவைத் தவிர. மேரி அக்கா குப்பத்தில் மீன் விற்கிறவர். பேரவையில் குப்பத்துக் குடும்பங்களுக்காகப் பேசுகிறவர்.

"ஏசி போட்டா வாடகை ஏறும் ஃபாதர். அப்பறம் எங்க புள்ளைங்க கல்யாணத்த எங்க வெச்சிக்கறது? மணல்லயா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கண்ணாடி எதுக்கு ஃபாதர்? சுவர்ல ஓட்டை போட்டாலே போதும்" என்று எழுந்துவிட்டேன். கூட்டம் சிரித்தது.

சிரித்தது சுருக்கென்றிருந்தது. இருபது வருஷமாக அடையாறு, தி.நகர், கொட்டிவாக்கம் என்று வீடு வீடாகப் போய் மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் செய்துகொடுத்தவள் நான். இருக்கிற கூரையை மறைக்க இன்னொரு கூரை. வெளிச்சத்தையும் காற்றையும் வைத்து ஒரு சுவர், ஒரே ஒரு சுவர், என் கையால் செய்ய வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். அதை வாங்குகிற ஆள் கிடைத்ததில்லை.

ஃபாதர் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். மேரி அக்கா மகள் ஜெனிஃபருக்கு மே மாதத்தில் நிச்சயதார்த்தம், அந்தக் கூடத்திலேயே. "அதுக்குள்ள ஸ்டெல்லா சுவரை முடிக்கட்டும். அன்னிக்குப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

சவரி அங்கிள் லேசில் விடுகிற ஆளா? "எதைப் பார்த்து முடிவு பண்றது ஃபாதர்? கணக்கு வேணும். நான் பின்னால உட்கார்ந்து எண்றேன். பத்துப் பேருக்கு மேல பாட்டுத் தாளால விசிறினா, கண்ணாடிதான்."

"எம்பொண்ணு நிச்சயத்துல பரிச்சை வெக்கறீங்களா?" என்றார் மேரி அக்கா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரமே சுவரை இடித்து, நீலத் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். சுவர் இல்லை. என்னிடம் டிசைனும் இல்லை. ஊர் ஊராகப் போனபோது கிறுக்கி வைத்த நாலைந்து நோட்டுப் புத்தகங்கள்தான் இருந்தன.

இருபது நிமிஷத்தில் ஒரு கல்லறை

அந்த நோட்டுகளில் பழையது, மயிலாப்பூரில் ஒரு டிராவல்ஸ்காரர் கூட்டிக்கொண்டு போன வட இந்தியச் சுற்றுலாவில் எழுதியது. ஒரு பஸ் நிறைய ஆட்கள், இரண்டு சமையல்காரர்கள், எங்கே போனாலும் தயிர்சாதம். எந்த இடமானாலும் இருபது நிமிஷம். விசில் ஊதினால் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும்.

டெல்லியில் ஒரு மொகலாயக் கல்லறை மண்டபம். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே கல்லைச் சல்லடையாக்கிச் செதுக்கிய ஜன்னல். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம், எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணிப் பார்க்கலாமே என்று விரலை வைத்தேன். உள்ளங்கையில் சில்லென்று காற்று பட்டது. வெளியே அசையாத காற்று அந்தச் சின்ன ஓட்டைக்குள் நுழைந்ததும் ஓட ஆரம்பிக்கிறது. கையை எடுக்க மனசே வரவில்லை.

விசில் மூன்று தடவை ஊதியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸே என்னை முறைத்தது. பக்கத்து ஸீட் மயிலாப்பூர் மாமி மட்டும், "உனக்காகத் தயிர்சாதம் எடுத்து வெச்சுண்டிருக்கேன், சாப்பிடு" என்றார்.

சண்டிகரில் அதே மாமி எனக்கு ஒரு பாடம் எடுத்தார். மற்றவர்கள் பூந்தோட்டம் பார்க்கப் போனார்கள். நான் ஒரு பெரிய கான்கிரீட் கட்டடத்தின் எதிரில் நின்றுவிட்டேன். முகப்பு முழுக்க முழங்கை ஆழத்துக்குக் கட்டம் கட்டமாகச் சிமெண்ட் பலகைகள், உள்ளே தள்ளி ஜன்னல். மாமி பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னடி இது, அலமாரி பண்ணிட்டுக் கதவு போட மறந்துட்டாளா?"

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. வெயில் அந்த அலமாரித் தட்டிலேயே தங்கிவிடுகிறது. ஜன்னல் வரைக்கும் வருவதில்லை. கதவே தேவையில்லை. நோட்டில் 'ஆழம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். மாமியின் வசனத்தையும் கீழே எழுதி வைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், சின்ன வயதில் எங்கள் பள்ளிக்கூட மாடிப்படியிலும் சிமெண்ட் ஜாலிச் சுவர்தான். அதன் ஓட்டைகளில் புளியங்கொட்டை ஒளித்து வைத்ததைத் தவிர நான் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. டிக்கெட் வாங்கிப் போனால்தான் கண் திறக்கும் போலிருக்கிறது.

மேலே பார்க்காத பையன்

சரி, லில்லி ஊர். அவள் மகன் ரையான் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்காகத்தான் அபுதாபி போனேன். விழா முடிந்த மறுநாள் கடலோரமாக இருக்கும் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். உள்ளே இருக்கும் பொருட்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். நான் வாசலைத் தாண்டவில்லை.

ஊரையே மூடுவதுபோல ஒரு பெரிய குவிமாடம். தூண் இருப்பதே தெரியாது. உலோகத்தில் நட்சத்திர வலைகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு. டெல்லியில் கல்லில் பார்த்த அதே நட்சத்திரங்கள், இன்றைக்குள்ள ஆட்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அடுக்கியவை. வெயில் அத்தனையிலும் வடிந்து, பொட்டுப் பொட்டாகக் கீழே விழுந்தது. நாலு பக்கமும் திறந்திருந்ததால் கடல்காற்று தாராளமாக வந்து போனது. அந்தப் பாலைவன வெயிலில் ஏசி இல்லாமல் ஜனங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் பெரியவர்களெல்லாம் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். ரையான் மேலே பார்க்கவே இல்லை. புதுநன்மைக்கு வாங்கிய வெள்ளை ஷூவோடு, தரையில் விழுந்த வெளிச்சப் பொட்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டிக்கொண்டிருந்தான். நிழலில் கால் பட்டால் அவுட்டாம்.

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். இத்தனை நாளும் சுவரில் எப்படி ஓட்டை போடுவது என்று வரைந்துகொண்டிருந்தேன். வரைய வேண்டியது ஓட்டையை அல்ல, தரையில் என்ன விழ வேண்டும் என்பதை. அதற்குத் தகுந்தபடி ஓட்டை அமையட்டும். கையில் நோட்டு இல்லை. பையில் ரையானின் புதுநன்மை நினைவு அட்டை இருந்தது. திருப்பிப் போட்டு வரைந்தேன். கனமான கல், எட்டு முனை நட்சத்திரம், கடல் பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகலாகவும் ஓட்டை.

"அக்கா, அந்தப் பக்கம் மாதா படம் இருக்கு" என்றாள் லில்லி.

"மாதாவுக்கும் வேர்க்கும்டி" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில், அங்கேயே நின்று, காற்று இரைச்சலில் அனுப்பியதுதான் அந்த வாய்ஸ் மெசேஜ்.

எத்தனை முனை?

ஜல்லி மலைக்குத் திரும்புவோம். டாக்ஸியை விடாமல் ராயப்பேட்டைக்கு ஓடினேன். பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி ஒரு சந்துக்குள் காதர் பாயின் பட்டறை. என் வயதுதான் இருக்கும், தலைமுதல் கால்வரை சிமெண்ட் தூள்.

"பாய், என் ஆர்டர் வரவேயில்லயா?"

"இன்னா ஆர்டர்? நீ ஊர்ல ஜாலியா சுத்திக்கினு கீறன்னு நெனச்சேன்."

நினைவு அட்டையைக் காட்டினேன். பாய் முதலில் மாதா படத்தைப் பார்த்து, பவ்யமாகத் திருப்பி, பிறகு என் கிறுக்கலைப் பார்த்தார்.

"எட்டு முனையா? எட்டுன்னா ஈஸிம்மா. சதுரக் கல்லுல எட்டு தானா வந்து குந்திக்கும். அஞ்சுன்னாதான் ராங்கு பண்ணும்."

"ஓட்டை ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் குறுகலா வேணும் பாய். அப்பதான் காத்து வேகமா வரும்." டெல்லி, சண்டிகர், அபுதாபி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிரசங்கம் வைக்கத் தயாரானேன்.

"அப்டி இல்லாம எப்டி வரும்? சாய்வு இல்லன்னா அச்சு கயலவே கயலாது. நான் வார்க்கிற எல்லாக் கல்லும் அப்டித்தான் கீது. எந்தப் பக்கம் கடலுன்னு கொத்தனாருக்குச் சொல்லிடு, அது போதும்."

கடல் தாண்டிப் போய்க் கண்டுபிடித்ததை அவர் அச்சைக் கழற்றும் அவசியத்தில் தினம் செய்துகொண்டிருந்தார். கொஞ்சம் அசடு வழிந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு இருபது நாள் என்றதும் பாய் தலையைச் சொறிந்தார். வார்த்த கல் ஏழு நாளாவது தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டினால் உடையும். மூன்று அச்சு செய்து, விடிகாலையிலிருந்து வார்த்தால் முடிக்கலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

மாதிரிக் கல்லைப் பேரவைக்குக் கொண்டுபோனேன். காற்றைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் முனையை எண்ணினார்கள். சவரி அங்கிள் குடை நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"எட்டு. நம்ம நட்சத்திரத்துக்கு அஞ்சுதானேம்மா? கிறிஸ்மஸுக்கு வாசல்ல கட்றமே. உன் பேருக்கே நட்சத்திரம்னுதான் அர்த்தம், உனக்குத் தெரியாதா?"

"ஆறு முனை வைக்கலாமே" என்றது ஒரு குரல்.

"ஆறுன்னா முருகன் கோயில் ஆயிடும்."

"எட்டு மட்டும்? அஷ்டலட்சுமி."

"இது அரேபியா பக்கத்து டிசைன்னு ஸ்டெல்லாவே சொல்லுதே. கோயில் ஹால்ல எப்படி வைக்கறது?"

ஃபாதர் கல்லைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தார். "பெத்லகேம் நட்சத்திரத்துக்கு எத்தனை முனைன்னு பைபிள்ல இல்ல. அதைப் பார்த்துட்டு வந்த மூணு ஞானிகளும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தாங்க" என்றார்.

"எத்தினி மொனையா இருந்தா இன்னா, காத்து வந்தா செரி" என்று மேரி அக்கா கூட்டத்தை முடித்துவைத்தார்.

ஜல்லியைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். குப்பத்துப் பிள்ளைகள் மலையேறி விளையாடி, எனக்கு ஜல்லி ஆன்ட்டி என்று பெயர் வைத்தன. நான் எது பேசினாலும் பேரவையில் யாராவது ஒருவர், "ஜல்லியடிக்காதம்மா, விஷயத்துக்கு வா" என்பார். கடைசியில் சவரி அங்கிளே ஆள் வைத்து, மழைக்குத் தண்ணீர் தேங்கும் கடல் பக்கப் பள்ளத்தில் அதைப் பரப்பி மேடாக்கினார். நல்ல வேலைதான். என்னிடம் அதைச் சொல்லிக்காட்டவும் தவறவில்லை.

பாட்டுத் தாள்

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு கடைசிக் கல் ஏறியது. விழா அன்று காலை பத்து மணிக்குக் கூடம் நிரம்பியது. சுவர் என் மனசில் இருந்தது போலவே நின்றது. தரை முழுக்க வெளிச்ச நட்சத்திரங்கள். பெரியவர்கள் அதன் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும், யாரும் சொல்லித்தராமலே, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டின. ரையானுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

எல்லாம் இருந்தது, காற்றைத் தவிர.

சென்னையில் பிறந்தவர்களுக்குத் தெரியும், மே மாதத்தில் சில நாள் கடல்காற்று முற்பகலிலேயே வந்துவிடும், சில நாள் பிற்பகல்வரை காக்க வைக்கும். நான் சுவரைத்தான் யோசித்தேனே தவிர, காற்று எத்தனை மணிக்கு வரும் என்று யோசிக்கவேயில்லை. மெனக்கெட்டு ஊர் ஊராகச் சுற்றியவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

சவரி அங்கிள் கடைசி வரிசையில், நோட்டும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா பாட்டுத் தாளை மடித்து விசிறினார். ஒரு கோடு. அவர் மனைவி. இன்னொரு கோடு. மோதிரம் மாற்றும்போது ஏழு கோடுகள். போட்டோகிராபர், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். ஒன்பது. அங்கிள் என்னைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார்.

"பத்து."

"யாரு?" என்று சுற்றும்முற்றும் பார்த்தேன்.

"நீதாம்மா."

கையைப் பார்த்தேன். பதற்றத்தில் என் கையிலேயே பாட்டுத் தாள் சடசடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே நிறுத்தினேன். அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒரு ஆள். அதற்குப் பிறகு கண்ணாடி, ஏசி, இந்தப் பிள்ளைகளுக்கு இந்த வாசல் கிடையாது. நானும் போய்ப் பழையபடி ஃபால்ஸ் சீலிங் போடலாம்.

மேரி அக்கா பட்டுப்புடவையில் விறுவிறுவென்று சுவர்ப் பக்கம் போனார். ஒரு ஓட்டையில் முகத்தை வைத்து வெளியே பார்த்தார்.

"மேக்கால இருந்து வர்ற தரைக்காத்து இன்னும் வுடல. அது வுட்டாத்தான் கடல்காத்து வரும். தண்ணி மேல காத்துக் கோடு வந்துட்டுது, கிட்டத்துல கீது. நீ அயுவாத."

திரும்பிப் போகிற வழியில் பாடகர் குழுவிடம் நின்றார். "இன்னா சும்மா குந்திக்கினு கீறீங்க? பாடுங்க. எல்லாரும் எந்திரிச்சிப் பாடுங்க."

ஆர்மோனியம் ஆரம்பித்தது. கூடம் முழுக்க எழுந்து, பாட்டுத் தாளைப் பிரித்து, கண்ணுக்கு நேராகப் பிடித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பார்த்துப் பாடுகிறவன் தாளை விசிற முடியாது. விசிறினால் வரி தெரியாது.

சவரி அங்கிளுக்கும் புரிந்தது. "இது அழுகுணி ஆட்டம்" என்று எழுந்தார். பாட்டு நடக்கும்போது யார் காதில் விழும்? அவரும் தாளைப் பிடித்துப் பாட வேண்டியதாயிற்று. முதல் பாட்டு முடிந்ததும் மேரி அக்கா கையசைத்தார், இரண்டாவது. பிறகு மூன்றாவது. ஃபாதர் புருவத்தை உயர்த்தினார், ஆனால் அவரும் பாடினார். மாப்பிள்ளை வீட்டார், இந்தப் பங்கில் என்ன பக்தி என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நாலாவது பாட்டின் நடுவில் என் கழுத்தில் ஏதோ பட்டது. திரும்பினேன். ஒன்றுமில்லை. மறுபடி பட்டது, ஈரமாக, உப்பு வாசனையோடு. முன்வரிசையில் ஒரு பாட்டுத் தாள் படபடத்தது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த நிமிஷம் சுவரில் இருந்த அத்தனை ஓட்டைகளும் ஒன்றாக ஊதின. தாள்கள் கைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு கூடம் முழுக்கப் பறந்தன. ஜெனிஃபரின் முக்காடு மாப்பிள்ளை முகத்தில் போய் மூடியது. பாட்டு நின்று, சிரிப்பு கிளம்பியது. நான் சுவரோரம் போய், டெல்லியில் வைத்தது போலவே உள்ளங்கையை வைத்தேன். அழுதேன்தான், இந்தத் தடவை வேறு மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில் சவரி அங்கிளைத் தேடினேன். கடைசி வரிசையில் இருந்தார். கால்களை நீட்டி, வாயை லேசாகத் திறந்து, மடியில் நோட்டோடு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். காற்று நோட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. பிரியாணி தீரப் போகிறது என்று நாலு பேர் சொல்லியும் எழவில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு பேரவை கூடியது. ஃபாதர் கேட்டார், "சவரி சார், கணக்கு என்ன?"

அங்கிள் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

"பத்து, ஃபாதர்."

"அதுக்கு மேல?"

"தெரியாது ஃபாதர். அதுக்கப்பறம் நான் தூங்கிட்டேன்."

கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. அவர் உட்காரவில்லை. நோட்டை மூடி, குடையை ஊன்றிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே தொடர்ந்தார்.

"வர்ற காத்து வெளிய போகவும் வழி வேணும் ஃபாதர். எதிர்ச் சுவருக்கும் இதே கல்லு வெச்சிடலாம். ஆனா போன்ல வேணாம். காதர் பாய் பட்டறைக்கு நானே நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன்."